ஏழாம் குழாய்

கல்யாண வீடுகளில் யாராவது "என்னம்மா வேலை செய்யற?" என்று கேட்டால், அலர்மேல்மங்கை "இருட்டு ரூம்ல மண்ணு கழுவறேன்" என்பாள். கேட்டவர் அடுத்த கேள்வி கேட்காமல் பந்திக்குப் போய்விடுவார். அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. திருப்பதியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் பின்பக்கம், ஜன்னலே இல்லாத அறையில், ஒரே ஒரு மங்கலான சிவப்பு பல்பின் கீழே பன்னிரண்டு வருஷமாக மண் கழுவுகிறாள். அவள் கழுவித் தரும் மணலை மெஷினில் வைத்து அளப்பவன் நான். பெயர் வேங்கடாசலம், ஊர் திருத்தணி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டிலேயே சொல்வார்கள். இந்தக் கதையில் அந்த வாய்க்கும் ஒரு பங்கு உண்டு, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மணலில் அளக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆற்று மணலில் கண்ணாடி மாதிரி சில துகள்கள் உண்டு. மண்ணுக்கடியில் புதைந்து கிடக்கக் கிடக்க அவற்றுக்குள் ஒரு கணக்கு ஏறிக்கொண்டே போகும். வெயில் பட்ட நிமிஷத்தில் அந்தக் கணக்கு அழிந்துவிடும். ஆகவே இருட்டிலேயே எடுத்து, இருட்டிலேயே கொண்டுவந்து, இருட்டிலேயே கழுவி அளந்தால், அந்தத் துகள் கடைசியாக எத்தனை வருஷத்துக்கு முன்னால் வெயிலைப் பார்த்தது என்று சொல்லிவிடலாம். சிவப்பு வெளிச்சம் மட்டும் அதைத் தொந்தரவு செய்யாது. எங்கள் பிழைப்பு மொத்தமும் இவ்வளவுதான்.

இருட்டில் எடுத்து அனுப்புகிறவன் தனசேகர், மங்கையின் புருஷன். இரண்டு பேருமே புத்தூர்ப் பக்கம், நாலைந்து தலைமுறையாக அங்கே பயிர் வைக்கிற தமிழ்க் குடும்பங்கள். அவன் பொக்லைன் ஓட்டிக்கொண்டிருந்தான். எங்கள் வளாகத்தில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி தோண்ட வந்தபோது வண்டியை நிறுத்திவிட்டு, "சார், இங்க மண்ணு ஜாதி மாறுது, பார்த்தீங்களா?" என்று கேட்டான். கேட்டது ரமணா சாரிடம். பழைய நிலநடுக்கங்களைப் பற்றி ஆராய்கிறவர், எங்களுக்கெல்லாம் தலைவர். அவர் குழியையும் பார்த்தார், இவனையும் பார்த்தார். அடுத்த குளிர்காலமே இமயமலை அடிவாரத்துக்கு அவனைக் கூட்டிப் போய்விட்டார்.

அங்கேதான் நம் தேசத்தின் நிலத்தட்டு வடக்கே இருக்கிற தட்டின் அடியில் நுழைகிறது. வருஷத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர். நம் நகம்கூட அதைவிட வேகமாக வளரும். ஆனால் அந்தப் பிளவு வழவழவென்று நகர்ந்து கொடுக்காது. நூற்றுக்கணக்கான வருஷம் இறுகிப் பிடித்துக்கொண்டு கிடந்து, ஒரே நாளில் அத்தனை மீட்டரையும் நகர்ந்துவிடும். அந்த நாள் பல ஊர்களுக்குக் கடைசி நாளாகிவிடும். கடைசியாக எப்போது நகர்ந்தது என்று தெரிந்தால்தான் இப்போது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரியும். அதற்குத்தான் பிளவின் குறுக்கே ஆள் ஆழத்துக்கு மேல் பள்ளம் வெட்டுவார்கள். பள்ளத்துச் சுவரில் சில அடுக்குகள் கிழிந்திருக்கும், அவை நடுக்கத்துக்கு முன்னால் வந்தவை. மேலே கிழியாமல் கிடப்பவை பின்னால் வந்தவை. இரண்டுக்கும் வயது கண்டுபிடித்தால் நடுக்கம் அகப்பட்டுவிடும்.

தனசேகர் அந்தச் சுவரைக் கொத்துக்கரண்டியால் வழித்துச் சுத்தம் செய்வான். முழங்கை நீள இரும்புக் குழாயைச் சுத்தியலால் அடுக்குக்குள் அடித்து இறக்குவான். கறுப்புத் துணியைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு குழாயை உருவி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, கறுப்பு உறையில் சுற்றி நம்பர் எழுதுவான். உறைக்குள் ஒரு சீட்டும் வைப்பான். எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம், மண் எப்படி என்று அதில் இருக்கும். அவன் மூடியதை இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி மங்கை திறப்பாள்.

அந்தச் சீட்டுகளில்தான் கல்யாணமே ஆரம்பித்தது. முதல் வருஷம் அவன் சிவப்புப் பேனாவில் எழுதி அனுப்பிவிட்டான். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு எழுத்து சுத்தமாகத் தெரியாது, வெள்ளைக் காகிதம்தான் தெரியும். ஒரு நாள் வேலை கெட்டது. மங்கை வெளியே வந்து, அப்போது ஊர் திரும்பியிருந்த அவனை எல்லார் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டாள். மறுநாள் அவனே கறுப்பு மையில் கொட்டை எழுத்தில், "உள்ளே சிவப்புப் பேனா கூடாது" என்று எழுதி அறைக் கதவில் ஒட்டினான். அதற்கப்புறம் வந்த சீட்டுகளில் மண்ணைப் பற்றிய வரிகள் குறைந்து வேறு வரிகள் கூடின. நான் கேலி செய்தே அந்தக் கல்யாணத்தை முடித்து வைத்தேன். மகள் ரக்ஷிதாவுக்கு இப்போது ஒன்பது வயது.

போன ஜனவரியில் அவன் செத்துப்போனான்.

வேலை முடிந்து மூட்டை கட்டும் நாள். முதல் நாள் மழை. பள்ளத்துச் சுவர் சாயாமல் கொடுத்திருந்த முட்டுப் பலகைகளையெல்லாம் எடுத்தாகிவிட்டது. பலகை எடுத்த பிறகு யாரும் கீழே இறங்கக் கூடாது என்பது விதி. அந்த விதியைப் புது ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பவனே தனசேகர்தான். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இவன் மட்டும் இறங்கியிருக்கிறான். சுவர் சரிந்துவிட்டது. மண்ணை வாரி அவனை எடுத்தபோது பக்கத்தில் ஒரு சுத்தியலும் ஒரு காலிக் குழாயும் கிடந்தன. பள்ளத்தில் சுத்தியலும் குழாயும் கிடப்பது அதிசயமா? யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஏன் இறங்கினான்? செய்தி வந்த அன்று எல்லாரும் கேட்டது இதைத்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? வராந்தாவில் நின்றுகொண்டு, "பீடிக்குத்தான் இறங்கியிருப்பான். மேல காத்துல பத்த வெக்க முடியாது, கீழ காத்து அடிக்காது" என்றேன். எனக்கும் துக்கம்தான். துக்கத்தில் ஏதாவது பேச வேண்டுமென்று பேசினேன். மகள் தலைமேல் கையை வைத்து அவன் பீடியை விட்டு அப்போது ஒரு வருஷமாகியிருந்தது. ஆனாலும் என் பேச்சு, உடல் வந்து சேருவதற்கு முன்னாலேயே புத்தூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆராய்ச்சிக்கூடத்தின் விசாரணை அறிக்கையிலும் "தேவையின்றி, அனுமதியின்றிப் பள்ளத்தில் இறங்கினார்" என்று எழுதினார்கள். பீடி என்று எழுதவில்லை. படித்தவர்களுக்கு அதுதான் மனசில் ஓடியது.

பதினாறாம் நாள் முடிந்து மங்கை வேலைக்கு வந்தாள். நான் திருத்தணியில் ஏறுகிற ரயிலில்தான் அவள் புத்தூரில் ஏறுவாள். எதிரில் உட்கார்ந்தவள் அழவில்லை.

"ஒரு பீடிக்கு உயிர விட்டுட்டாரே அண்ணே" என்றாள். "பொண்ணு தலைமேல வெச்ச கையி. மாமியார் வேற, என் புள்ள அந்தக் குழியில இன்னாத்துக்கு எறங்கினான்னு என்னையே கேட்டுக்கினு கீது. நான் யாரக் கேக்கறது?"

மாமியார் ரத்தினம்மா கேட்டதில் தப்பில்லை. மங்கைக்கு அவன் போன துக்கத்தைவிட அவன்மேல் இருந்த கோபம் பெரிதாக இருந்தது. ரேணிகுண்டா வரை அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மார்ச்சில் அவன் கடைசியாக அடித்த குழாய்கள் வந்து சேர்ந்தன. ஏழு குழாய்கள். வேறு யாராவது திறக்கட்டும் என்று ரமணா சார் சொன்னார். மங்கை ஒப்பவில்லை. "பன்னெண்டு வருஷமா நான்தான தெறந்தேன்" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனவள் அன்று ஆறு மணி நேரம் வெளியே வரவில்லை.

திரும்பும் ரயிலில் சொன்னாள்: "ஆறு குழாயில சீட்டு ஒழுங்கா கீது. ஏழாவதுல வெறும் சீட்டு வெச்சிருக்காரு அண்ணே. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒண்ணுமே எழுதல."

"அவசரத்துல மறந்திருப்பான்" என்றேன். மண்டையில் மூளை இருக்கிற ஒருவன் அப்போதே யோசித்திருக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் அந்தக் கதவுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், கதவில் இருக்கிற எழுத்தைத் தினம் பார்க்கிறேன். எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. அதை எழுதி ஒட்டியவனே சிவப்பில் எழுதுவான் என்று யாருக்குத் தோன்றும்?

அந்த வெற்றுச் சீட்டை அவள் எறியவில்லை. அவன் கை பட்டதாயிற்றே என்று கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அந்தக் கோட்டு இருட்டறையை விட்டு வெளியே வராது, உள்ளேயே ஆணியில் தொங்கும். ஏழாம் குழாயில் வாய்ப்பக்கம் மண் கொஞ்சம் தளர்ந்திருந்தது என்று நோட்டில் குறித்துவிட்டு, முறைப்படி கழுவி என்னிடம் கொடுத்தாள்.

முக்கியமானதே அந்த ஏழாவதுதான். ஆறாவது, கிழிந்த அடுக்கு. அதற்கு எண்ணூறு வருஷம் வந்தது. ஏழாவது, கிழியாமல் மேலே கிடந்தது. அதை அளந்தபோது துகளுக்குத் துகள் வயது மாறியது. பாதிக்கு மேல் அறுநூற்று நாற்பதைச் சுற்றி நின்றன. மீதி இருநூற்று இருபது என்றன. ஆற்று மணலில் இப்படி வருவது சகஜம். வெள்ளத்தில் கலங்கி வரும்போது சில துகள்கள் சரியாக வெயில் பார்க்காமலே புதைந்துவிடும், பழைய கணக்கு அதிலேயே நிற்கும். அதனால் குறைந்த வயதையே உண்மை என்று எடுப்பது வழக்கம். ரமணா சார் இருநூற்று இருபதை எடுத்தார். அந்தக் காலத்தில் அங்கே ஒரு பெரிய நடுக்கம் வந்ததாகப் பழைய காகிதங்களிலும் இருந்தது. கச்சிதமாகப் பொருந்தியது. கடைசியாக நகர்ந்து இருநூற்றுச் சொச்சம் வருஷம்தான், சேர்ந்திருப்பது மூன்று மீட்டர் சுமார், இன்னும் காலம் இருக்கிறது என்று கட்டுரை எழுதினார். எழுதியவர்கள் பட்டியலில் தனசேகர் பெயரையும் சேர்த்தார். பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை! அச்சிட்ட முதல் பக்கத்தை மங்கை வீட்டுக்குக் கொண்டுபோய் அவன் படத்துக்குக் கீழே ஒட்டினாள். "குழியில எறங்கினவன்னுதான் பேரு இருந்துது. இப்ப இதுவும் கீது" என்றாள். கட்டுரை பத்திரிகைக்குப் போக இன்னும் பத்து நாள் இருந்தது.

செப்டம்பர் மாதம். இருட்டறையைத் திறந்தாலே அமில வாடை. அது கோட்டிலிருந்துதான் வருகிறது என்று எனக்குச் சந்தேகம். "ஏம்மா மங்கா, அந்தக் கோட்டத் தொவைக்கவே மாட்டியா? பக்கத்துல நிக்க முடியல" என்று மூன்று நாள் விடாமல் நச்சரித்தேன். வெள்ளிக்கிழமை சுருட்டிப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

திங்கட்கிழமை ரயிலில் ஏறியதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறையில் போட்ட சீட்டை நீட்டினாள். பள்ளத்துச் சுவரைப் படமாக வரையும்போது பிளவுக் கோட்டுக்கு என்று சிவப்புப் பென்சில் வைத்திருப்பார்கள். அந்தப் பென்சிலில் எழுதியிருந்தது. மூட்டை கட்டிவிட்ட நேரத்தில் கைக்குக் கிடைத்தது அது ஒன்றுதான் போலிருக்கிறது.

"7 கை தவறி விழுந்து மூடி கழண்டுடுச்சி. வெளிச்சம் பட்டுது. இத எடுக்காத மங்கா. வேற அடிச்சி எடுத்துக்கினு வரேன்."

நான் இரண்டு தடவை படித்தேன். பள்ளத்தில் கிடந்த காலிக் குழாய் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"தொவைக்கிற கல்லாண்ட, வெயில்ல பார்த்தேன் அண்ணே" என்றாள். குரல் ஒரே சீராக இருந்தது. "பீடிக்கு எறங்கல. நான் தப்பா கழுவிடக் கூடாதுன்னு எறங்கியிருக்காரு."

"மங்கா..."

"பீடின்னு மொதல்ல சொன்னது நீங்கதானே அண்ணே?"

"ஆமாம்மா" என்றேன். அந்த வராந்தாவில் என் நாக்கு அழுகிப்போயிருக்கக் கூடாதா என்று இருந்தது. அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவள் சீட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

திருப்பதியில் இறங்கி நடக்கும்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. இதை சாரிடம் கொடுத்தால் ஏழாம் குழாய் போச்சு. அரைகுறையாக வெளிச்சம் பட்டு, பாதிக் கணக்கு அழிந்த துகள்கள்தான் இருநூற்று இருபது என்று பொய் சொல்லியிருக்கின்றன. கட்டுரை நிற்காது. படத்துக்குக் கீழே ஒட்டிய பெயர் போய்விடும். அதற்குப் பதிலாக, குழாயைக் கீழே போட்டவன் என்ற பெயர் வரும்.

"யோசிச்சிக் குடும்மா" என்றேன். "இன்னும் யாருக்கும் தெரியாது."

அவள் நின்று என்னைப் பார்த்தாள். "பாடி எடுத்துக்கினு வர நான் போனேனே அண்ணே, அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்துலயே ஸ்கூலு. கல்லுமேல கல்லு வெச்சிக் கட்டினது. புள்ளைங்க வரிசையா நின்னு பார்த்துக்கினு இருந்துது. மூணு மீட்டருதான்னு இவங்க எழுதிடுவாங்க. அந்த ஊர்ல அத நம்பிக்கினு இருப்பாங்க. எடுக்காதன்னு அவரு எழுதி வெச்சிட்டுப் போனத நான் எடுத்துட்டேன்."

ரமணா சார் சீட்டைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அவருக்குத் தெலுங்குதான், எங்களுக்காகத் தமிழ் பேசுவார். "அய்யோ, எந்த பனி சேசாடம்மா! என்ன வேல பண்ணிட்டாரும்மா!" என்றார். அது கோபமில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு கணக்குப் போட்டார். அறுநூற்று நாற்பது என்றால் மூன்று மீட்டர் இல்லை, ஒன்பதரை மீட்டருக்கு மேல். ஆனால் வெளிச்சம் பட்ட குழாயை வைத்து அதையும் அடித்துச் சொல்ல முடியாது. ஏழாம் குழாயைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட வேண்டும். பள்ளத்தையோ ஜனவரியிலேயே மூடிவிட்டார்கள். பக்கத்தில் புதிதாக ஒன்று வெட்டினால்தான் உண்டு.

"கட்டுரைய நிறுத்திடறேன் அம்மா. எப்ப வந்தாலும் தனசேகர் பேரு அதுல இருக்கும்" என்றார்.

"பேரு வேணாம் சார்" என்றாள் மங்கை. "அந்த ரிப்போர்ட்டுல தேவையில்லாம எறங்கினாருன்னு எழுதிக் கீதே, அத மட்டும் மாத்துங்க. ஏழாம் நம்பருக்காக எறங்கினாருன்னு எழுதுங்க. கை தவறினதும் எழுதுங்க, பரவால்ல. எங்க மாமியாருக்குப் படிச்சிக் காட்டணும்."

சார் அப்போதே ஆராய்ச்சிக்கூடத்து மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அறிக்கையில் அந்த வரி மாற மூன்று வாரம் ஆனது. அதற்குள் சார் திரையில் இருந்த பள்ளத்துப் படத்தில் ஏழாம் அடுக்கின் வயதை அழித்துவிட்டார். அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது. அடுத்த ஜனவரியில் புதுப் பள்ளம் வெட்டப் போகிறார்கள். குழாய் அடிக்கத் தானே வருவதாக மங்கை சொல்லியிருக்கிறாள். சார் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

திருத்திய அறிக்கை வந்த அன்று சாயந்திரம், வழக்கத்துக்கு மாறாக, இருட்டறைக் கதவைத் திறந்து என்னை உள்ளே கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். சிவப்பு பல்பு மட்டும் எரிந்தது. துவைத்த கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். பையிலிருந்து சீட்டை எடுத்து பல்புக்கு நேராகப் பிடித்தாள். ஓர் எழுத்து இல்லை. வெள்ளைக் காகிதம்.

"பாருங்கண்ணே" என்றாள். "இங்கதான் இருந்துது. இன்னாத்துக்கு எறங்கினே, இன்னாத்துக்கு எறங்கினேன்னு ஆறு மாசமா இந்த ரூம்ல நின்னுக்கினு திட்டிக்கினே இருந்தேன். பதில என் பாக்கெட்டுலயே போட்டுக்கினு."

அன்றைக்குத்தான் அவள் அழுதாள். நான் கதவைத் திறக்கவில்லை. மேஜைமேல் மூடாத தட்டில், யாரோ எங்கிருந்தோ எடுத்து அனுப்பிய மண் இருந்தது. வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். அவள் அழுது முடிக்கும் வரைக்கும் இருட்டிலேயே நின்றுகொண்டிருந்தேன்.